திடீர் மரணம், ஆயத்தமில்லாத மரணமா?

(திருவருகைக் காலம் முதல் ஞாயிறு, 1.12.2024 அன்று வானொலியில் ஒலித்த மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



இன்று திருச்சபையின் புதிய வழிபாட்டு ஆண்டு தொடங்குகிறது. ஆலயங்களில் திருவருகைக் கால மலர்வளையத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றியிருப்பீர்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு இரவு பிந்தி வீடு திரும்பியவர்களும் உங்களில் இருப்பீர்கள். கொண்டாட்டமான நாள்கள் இவை. ஆனால் இன்றைய நற்செய்தி கொண்டாட்டமாக இல்லை. லூக்கா நற்செய்தி 21ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்ட பகுதி அது. கதிரவனிலும் நிலாவிலும் அடையாளங்கள் தென்படும், கடலின் இரைச்சலைக் கேட்டு மக்கள் கலங்கிப்போவார்கள், அந்த நாள் எதிர்பாராத நேரத்தில் கண்ணியைப்போல் வந்து விழும் என்று ஆண்டவர் எச்சரிக்கிறார்.

மலைநாட்டிலோ பாலைநிலத்திலோ இருக்கிறவர்கள் இந்தப் பகுதியை உலக முடிவைப் பற்றிய தொலைவான செய்தியாகக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் அப்படிக் கேட்க முடியாது. நேற்று நவம்பர் 30. மீனவராயிருந்து திருத்தூதரான புனித அந்திரேயாவின் திருநாள். ஒக்கிப் புயல் நம்மைத் தாக்கி ஏழு ஆண்டுகள் நிறைவான நாளும் அதுதான். நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருக்கிறது. அந்தப் பகுதி மக்களை இன்றைய செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். புயல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் சிலருக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உள்நாட்டில் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன, குலை தள்ளிய வாழைகள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்து பல நாள் இருட்டில் கிடந்தோம். தண்ணீருக்கும் அலைந்தோம். ‘நம் ஊரில் புயலே வராது’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனால் அந்த இருட்டில் நமக்குத் தெரியாமல் இருந்த இன்னொன்று உண்டு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை முதலான மேற்குக் கடற்கரை ஊர்களின் ஆண்களும் மற்றக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பலரும் அந்த நேரத்தில் கரையில் இல்லை. சிலர் முந்தின நாள் வள்ளத்தில் போனவர்கள். சிலர் கொச்சித் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கானவர்கள். அவர்கள் கரையை விட்டுப் புறப்பட்டபோது புயல் என்ற பேச்சே யாரிடமும் இல்லை. பிறகு எச்சரிக்கை வந்தபோது, அதைக் கேட்கிற தூரத்தில் அவர்கள் இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் தலைவரை இழந்தன. பலருடைய உடல் கூடக் கிடைக்கவில்லை.

நூற்றுக்கணக்கானவர்கள் என்று சொல்லும்போது முகம் தெரிவதில்லை. ஆகவே இன்று ஒரே ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். குடும்பத்தார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரைப் பங்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புயலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அங்கே பங்குத்தந்தையாக இருந்தேன்.

அவர் பெரிய பக்திமான் என்று சொல்வதற்கில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கடைசி வரிசையில் நிற்பார். நான் மறையுரையைத் தொடங்கினால் மெல்ல வெளியே நழுவிப் பூவரசு மரத்தடியில் மற்ற ஆண்களோடு நின்றுகொள்வார். விசுவாச அறிக்கைக்குச் சரியாக உள்ளே வந்துவிடுவார். ஒருநாள் இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “சாமி பேசுறது மைக்குல வெளியிலும் கேக்குது. உள்ள நின்னா உறக்கம் வருது” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இருபது நாள் கடலில் சரியாகத் தூங்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றபடியே தூங்கினால்தான் என்ன?

பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறியவர். பிறகு வள்ளம், அதற்குப் பிறகு கொச்சியிலிருந்து விசைப்படகு. கடலில் இருபது, இருபத்தைந்து நாள். கரையில் ஐந்தாறு நாள். அந்த ஐந்தாறு நாளில் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஓடு மாற்றுவார், கிணற்றுக் கயிறு திரிப்பார், மகளையும் மகனையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட்டுத் தானே போய்க் கூட்டியும் வருவார். “மாசத்துல இருவது நாளு இல்லாத அப்பன், இருக்கிற நாளுலயாவது வாசல்ல நிக்கணும்லா?” என்பார். ஊருக்குள் யாருக்காவது இயந்திரம் பழுதானால் இவரைத்தான் தேடி வருவார்கள். கூலி கேட்கமாட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்; அதில் கௌரவம் பார்க்கமாட்டார்.

கரையில் வலை இழுத்து மீன் பிரிக்கும்போது, கணவனை இழந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கறிக்கென்று ஒரு கை மீன் கொடுக்கும் வழக்கம் நம் கடற்கரையில் இருக்கிறது. எவரும் எழுதி வைத்த சட்டமில்லை அது. இவர் ஊரில் இருக்கிற நாள்களில் தம்பியின் வள்ளத்துக்கு உதவப் போவார். தம் பங்கிலிருந்து முதலில் அந்தக் கறிமீனை எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். கோயிலுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு பாட்டிக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுப்பார். பாட்டி கரைக்கு வந்து கையேந்தி நிற்கக்கூடாதாம்.

குறையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரர். பந்தயம் கட்டிக் கால்பந்து விளையாடிய மகனைத் தெருவில் வைத்து அடித்துவிட்டு, அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தவர். ஒரு காலத்தில் குடித்தார். மகளின் முதல் நற்கருணை நாளுக்கு முந்தின வாரம் விட்டார். அதற்குப் பிறகு தொடவில்லை. இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அவர்களைச் சுரூபமாக்கிவிடுகிறோம். சுரூபத்துக்காக யாரும் அழமுடியாது. மனிதனுக்காகத்தான் அழமுடியும். பிள்ளைகளிடம் அவர்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு அப்பா திரும்பக் கிடைப்பார்.

அந்த நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் கொச்சிக்குப் போனார். கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மறுநாள் புறப்பட்டார். கிறிஸ்துமசுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படகு திரும்பவில்லை.

செய்தி கேட்டு நான் அந்த ஊருக்குப் போனபோது டிசம்பர் இரண்டாம் வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு பந்தல் போட்டிருந்தார்கள். ஆனால் எந்தப் பந்தலிலும் உடல் இல்லை. சிலர் கேரளத்து மருத்துவமனைகளின் பிணவறைகளில் ஏறி இறங்கி, மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து காத்திருந்தார்கள். அந்தச் சகோதரி என்னைப் பார்த்ததும் அழவில்லை. ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். “சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணாம, அவஸ்தைப் பூசுதல் வாங்காமப் போயிட்டாரே. அவரு ஆத்துமா என்ன ஆவும்?”

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வி கடற்கரையில் மட்டும் எழுவதில்லை. அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போனவர் தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். பனை ஏறியவர் இறங்கி வரவில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர் இரவில் தூங்கியபடியே இறந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் பெட்டியில் வருகிறார். காலையில் தேநீர் குடித்துவிட்டு இருசக்கர வாகனத்தில் கிளம்பிய கொத்தனார் மாலையில் இல்லை. குருவானவரைக் கூப்பிட நேரம் கிடைக்காத மரணங்கள் நம் பங்குகளில் எத்தனை! ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர், பெரும்பாலும் மனைவியோ தாயோ, இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்காமல் இருக்கிறார்கள்.

புனிதர்களின் மன்றாட்டு மாலையில் திடீர் மரணத்தினின்று எங்களைக் காத்தருளும் என்ற பொருளில் ஒரு மன்றாட்டு உண்டு. பழைய காலத்து மக்கள் அதை நடுக்கத்தோடு சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, திடீரென்று இறந்தால் மோட்சம் கிடைக்காது என்ற எண்ணம் சிலருக்கு உண்டாகிவிட்டது. திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. அந்த மன்றாட்டு ஏன் என்றால், மன்னிப்புக் கேட்கவும், மன்னிக்கவும், பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கவும், அருளடையாளங்களைப் பெறவும் நேரம் கிடைப்பது பெரிய கொடை. அந்தக் கொடையைக் கேட்கிறோம். அது கிடைக்காதவரைக் கடவுள் கைவிட்டார் என்று எங்கே எழுதியிருக்கிறது?

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடவுள் நம் மீட்பை அருளடையாளங்களோடு இணைத்தார். ஆனால் தம்மையே அவற்றுக்குள் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. கடவுள்மீது கொண்ட அன்பினால் எழும் உண்மையான மனத்துயர், ஒப்புரவு பெறவேண்டும் என்ற உறுதியோடு இருக்குமானால், ஒப்புரவு அருளடையாளத்தை அணுக வழியில்லாத இடத்திலும் பாவ மன்னிப்பைப் பெற்றுத்தரும். நடுக்கடலில், இருட்டில், அலை படகைத் தூக்கி அடிக்கும்போது, கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் கடவுளிடம் என்ன பேசினார் என்பது நமக்குத் தெரியாது. கேட்டவர் ஒருவர் உண்டு.

ஆனால் நான் அந்தச் சகோதரிக்கு இதை மட்டும் சொல்லவில்லை. மரண நேரத்து மனத்துயர் என்று மட்டும் சொன்னால், ஒருவருடைய நாற்பது ஆண்டு வாழ்வை விட்டுவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடைபோடுவது போல் ஆகிவிடும். இன்றைய வாசகங்களைப் பாருங்கள். ஆண்டவர் விழிப்பாயிருக்கச் சொல்கிறார். எதனால் இதயம் மந்தமாகிப்போகும் என்கிறார்? களியாட்டம், குடிவெறி, இவ்வுலக வாழ்க்கையின் கவலை என்று மூன்றைச் சொல்கிறார். இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் தெசலோனிக்க மக்களுக்காக மன்றாடுகிறார். ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பிலும் எல்லார்மீதும் கொண்ட அன்பிலும் நீங்கள் வளர்ந்து பெருக வேண்டும், அப்போது ஆண்டவர் வரும்போது உங்கள் உள்ளம் குற்றமில்லாமல் இருக்கும் என்கிறார். அன்பு வளர்வதையே அவர் ஆண்டவருடைய வருகைக்கான ஆயத்தம் என்கிறார். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் தலைவன் திரும்பி வரும்போது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கக் காணப்படும் ஊழியரை ஆண்டவர் பேறுபெற்றவர் என்கிறார். தலைவன் வரும்போது அவன் முழந்தாளில் இருந்தான் என்று சொல்லவில்லை. இடையைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருப்பவர்களுக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்கும் பணியில் இருந்தான்.

நாம் பேசிக்கொண்டிருக்கிற மனிதர் எதற்காகக் கடலுக்குப் போனார்? மகளின் செவிலியர் படிப்புக்கும், மகனின் பள்ளிக் கட்டணத்துக்கும், வீட்டின் வட்டிக்கும். தலைவன் வந்தபோது வீட்டாருக்கு உணவு தேடும் வேலையில்தான் அவர் காணப்பட்டார். கறிக்கு எடுத்து வைத்த அந்த ஒரு கை மீனை வைத்துக்கொண்டு மத்தேயு 25ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இறுதித் தீர்ப்பில் அரசர் கேட்கிற கேள்விகளில், எப்படி இறந்தாய் என்ற கேள்வி இல்லை. பசியாயிருந்தேன், கொடுத்தாயா என்பதுதான் இருக்கிறது. அவருடைய மரணம் திடீரென்று வந்தது. அவருடைய ஆயத்தம் பன்னிரண்டு வயதிலிருந்து நடந்துகொண்டிருந்தது.

நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்று புனித யோசேப்பை வேண்டுகிறோம். இயேசுவும் மரியாவும் இருபுறமும் இருக்க யோசேப்பு கண்மூடும் படம் நம் வீடுகள் பலவற்றில் தொங்குகிறது. அழகான படம். ஆனால் நற்செய்தி நூல்களைத் தேடிப்பாருங்கள்; யோசேப்பின் மரணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் நேர்மையாளர் என்று இருக்கிறது. தச்சர் என்று இருக்கிறது. இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார் என்று இருக்கிறது. காணாமல்போன பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடினார் என்று இருக்கிறது. எப்படி இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது இல்லை. யாரும் பார்க்காமல் இறந்த நம் ஆண்களுக்கு அவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடைக்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “நல்லவங்களைக் கடவுள் சீக்கிரமே எடுத்துக்கிடுவார்” என்று சொல்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அப்பாவை இழந்த பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. தன் அப்பாவைப் பறித்தவர் கடவுள் என்று அது விளங்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கடவுளிடம் எப்படிச் செபிக்கும்? வேறு சிலர் இன்னும் மோசம். எந்தப் பாவத்துக்குத் தண்டனையோ என்று அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லாசரின் கல்லறைக்கு முன்னே அவர் அழுதார். அவரோடு நின்று நாமும் அழுதால் போதும்.

ஒக்கியில் நடந்த எல்லாவற்றையும் கடவுளின் சித்தம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2017 டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கடவுளோடு சண்டை போடப் போகவில்லை. எங்கள் ஆண்களை ஆழ்கடலில் போய்த் தேடுங்கள் என்று கேட்கப் போனார்கள். காற்று வீசுவது இயற்கை. எச்சரிக்கை எட்டாமல் போனதும், தேடுதல் போதாமல் போனதும் மனிதர்கள் பதில் சொல்லவேண்டியவை. கைக்குழந்தையோடு அந்தத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தை இன்னும் மறக்கமுடியவில்லை. அதை ஒரு செபமாகவே நான் எண்ணுகிறேன்.

உடல் கிடைக்காத துக்கத்துக்கு முடிவு கிடையாது. கல்லறையில் ஒரு பிடி மண் போடும்போது நம் கைக்குத் தெரிந்துவிடுகிறது, இவர் போய்விட்டார் என்று. பிறகு மனத்துக்கும் மெல்லத் தெரிகிறது. அந்த ஒரு பிடி மண் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது நாட்டின் சாட்சியச் சட்டம். ஒக்கியில் காணாமல்போனவர்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்திச் சான்றிதழும் உதவித்தொகையும் கொடுத்தது. அது தேவையான நல்ல காரியம். இல்லையென்றால் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார்: “பேப்பர்ல கையெழுத்துப் போடும்போது நான்தான் அவரைக் கொன்ன மாதிரி இருந்துச்சு சாமி.”

அதனால் அந்த வீட்டில் யாரும் அவரை இறந்தவர் என்று சொல்லவில்லை. ‘கடலுக்குப் போனவர்’ என்றுதான் சொன்னார்கள். கிறிஸ்துமசுக்கு அவருக்கும் ஒரு சட்டை எடுத்தார்கள். கல்லறைத் திருநாளில் அவருக்கென்று மெழுகுதிரி ஏற்றவில்லை. உடல் இல்லாமலேயே அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், திருச்சபை அதை அனுமதிக்கிறது என்று அவ்வூர்ப் பங்குத்தந்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அது சரிதான். துக்கத்துக்கு நாள் குறிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

ஏழாம் நாள், முப்பதாம் நாள் வரை கூட்டமாகப் போகிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் யார் போகிறோம்? அந்தச் சகோதரி சொன்ன ஒன்று என்னை மிகவும் தொட்டது. உதவித்தொகை வந்த பிறகு சொந்தக்காரர்கள் சிலர் அடிக்கடி வந்தார்களாம், கடன் கேட்டு. பணம் தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர். மற்றவர், கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தப் பாட்டி. கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, பிள்ளைகளிடம் அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாராம். அன்பியக் கூட்டங்களில் ஆண்டு முழுவதும் என்ன செய்யலாம் என்று திட்டம் போடுகிறீர்கள். உங்கள் அன்பியத்தில் கணவனை இழந்த வீடு எது, அங்கே கடைசியாக யார் போனது என்று ஒருமுறை பேசிப்பாருங்கள்.

குடும்பத் தலைவர்களிடம் ஒரு வார்த்தை. மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கவேண்டாம். உங்கள் கடன் எவ்வளவு, யாரிடம் என்பது மனைவிக்குத் தெரியுமா? வங்கிக் கணக்கில் வாரிசுப் பெயர் எழுதியிருக்கிறீர்களா? மீனவர் நல வாரியத்திலோ கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ பதிவு இருக்கிறதா, அதைப் புதுப்பித்தீர்களா? இறந்தவரின் நெற்றியில் முத்தமிட்டு நிற்கிற மனைவியிடம், “உன் புருசன் எனக்கு இரண்டு லட்சம் தரணும்” என்று ஒருவன் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையா பொய்யா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. விழிப்பாயிருங்கள் என்று ஆண்டவர் சொன்னதில் இதுவும் அடங்கும். அதோடு, சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். கோபம் இருந்தாலும் வாசலில் நின்று “போயிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மகள் இப்போது செவிலியராக வேலை பார்க்கிறார். மகனுக்கு இருபது வயது. கடலுக்குப் போகவேண்டும் என்கிறான். அப்பாவை எடுத்த கடலுக்கு மகனையும் அனுப்புவதா என்று தாய் இரண்டு ஆண்டுகளாகத் தடுத்தார். கடந்த கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்களில் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். என்ன செய்வது என்று கேட்டார்கள். போ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பையனிடம் ஏன் என்று மட்டும் கேட்டேன். “அப்பா செய்த வேலை கெட்ட வேலையா ஃபாதர்?” என்றான். தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “லைஃப் ஜாக்கெட் போடாம ஏறக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது திருப்பலிக் கருத்து எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்தார். நவம்பர் 30ஆம் தேதிக்கு. நான் அந்தப் பங்கை விட்டு வந்த பிறகும் ஆண்டுதோறும் அவர் எனக்கு அப்படி ஒரு சீட்டை அனுப்புவது வழக்கம். முதல் ஆறு ஆண்டும் ஒரே வாசகம்தான் இருந்தது: கடலுக்குச் சென்ற என் கணவர் நலமாகத் திரும்பி வர. இந்த ஆண்டுச் சீட்டில் பெயரை எழுதி, ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. இந்தக் கல்லறைத் திருநாளில்தான் முதன்முதலாக அவருக்கென்று ஒரு மெழுகுதிரியைக் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் ஏற்றினாராம். திருவெளிப்பாடு நூல் 20ஆம் அதிகாரத்தில் கடல் தன்னிடமிருந்த இறந்தோரைத் திருப்பி ஒப்படைத்ததாக யோவான் காட்சி கண்டதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

நேற்றுக் காலை அந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுத்தேன். அவருடைய பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். இன்று இந்த உரையைக் கேட்கிற உங்கள் வீட்டிலும் திடீரென்று போய்விட்ட ஒருவருடைய பெயர் இருக்கும். இப்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அவருக்காகவும், கடலில் இருக்கிற எல்லாருக்காகவும், புதுச்சேரிப் பகுதி மக்களுக்காகவும் என்னோடு சேர்ந்து ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.